முள்செடி வழக்கு

சாக்குப்பையை வனக்காவலர் தராசுக் கொக்கியில் மாட்டியபோதுதான் ருதைனாவுக்கு விஷயம் உறைத்தது. அதுவரை ஏதோ விளையாட்டுக்கு மிரட்டுகிறார் என்றே நினைத்திருந்தாள். பையில் இருந்தது அக்கூப். மழைக்காலத்தின் கடைசியில் கலிலேயாவின் மலைச்சரிவுகளில் தலைநீட்டும் முள்செடி. முள்ளைச் சீவி, இளந்தண்டை ஆட்டிறைச்சியோடு வதக்கினால் அன்றைக்கு எந்த வீட்டிலும் சட்டியில் மிச்சம் இருக்காது.

"இது பாதுகாக்கப்பட்ட செடி, அக்கா. பறிக்கக் கூடாது," என்றார் காவலர். பெயர் நாயிஃப். பக்கத்து ஊர்க்காரர்தான், பேசியதும் அவள் பேசும் அதே அரபி.

"யார்கிட்டேருந்து பாதுகாக்குறீங்க தம்பி, ஆட்டுக்கிட்டேருந்தா?" என்று கேட்டாள் கூடப் பறிக்க வந்திருந்த நாத்தனார் வஜீஹா.

அவர் சிரிக்கவில்லை. "உங்ககிட்டேருந்துதான்."

அபராதச் சீட்டில் 'வனப்பொருள் திருட்டு' என்றிருந்தது. ருதைனா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா. இந்த ஐம்பது வயதுவரை அவள் மேல் ஒரு புகார் வந்ததில்லை. "திருடினேன்னு எழுதியிருக்கிற காகிதத்துல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று மறுத்துவிட்டாள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

"வேரோட பிடுங்கினீங்களா?" என்று கேட்டாள் ருதைனாவின் வக்கீல் இஸ்மத்.

"வேரை யாராவது தொடுவாங்களாம்மா? தண்டை மட்டும்தான் அறுத்தோம்."

"அப்போ அறுத்த இடத்துல மறுபடி துளிர்த்திருக்கும். போய் போட்டோ எடுத்துட்டு வாங்க. நீதிபதி கண்ணால பாக்கட்டும்."

பறித்து மூன்று வாரம் கழித்து ருதைனா வஜீஹாவோடு அதே இடத்துக்குப் போனாள். ஏறி வந்த பாதை அதேதான், மின்கோபுரமும் அதேதான். ஆனால் சரிவைக் காணோம்.

வழி தப்பிவிட்டதோ என்று ருதைனா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மலையின் தோலை உரித்தாற்போல் செம்மண் கிடந்தது. இரண்டு மஞ்சள் இயந்திரங்கள் பாறைகளை உருட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் குவித்திருந்த மண்ணில் அக்கூப் வேர்கள், மணிக்கட்டுத் தடிமனில், நூற்றுக்கணக்கில். முறிந்த இடங்களில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

வஜீஹா ஒரு வேரை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

அபராதச் சீட்டில் நாயிஃபின் எண் இருந்தது. ருதைனா கூப்பிட்டாள். "தம்பி, உங்க செடியை யாரோ வேரோட பிடுங்குறாங்க. சீக்கிரம் வாங்க." அவர் வந்தால் இதை நிறுத்திவிடுவார் என்று மனதார நம்பினாள்.

அவர் வந்தார். அங்கே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம் போய்க் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது தொப்பி கையில் இருந்தது.

"அவங்களுக்கு அனுமதி இருக்குக்கா."

"செடியைப் பிடுங்கவா?"

"ரோடு போட. மேல புதுக் குடியிருப்பு வருது."

"அப்போ செடி?"

"எனக்கு யாரும் சொல்லல," என்றார் நாயிஃப்.

"உங்களுக்கே தெரியாதா?" என்றாள் வஜீஹா. "நல்ல காவல்தான்."

படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். விசாரணை நாளன்று நீதிபதி அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்ல," என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நாயிஃப் சாட்சிக் கூண்டில் ஏறினார். யாரும் கேட்காமலேயே, "அவங்க வேரைத் தொடல. நான் பையைப் பிரிச்சுப் பாத்தேன், ஒரு வேர்கூட இல்ல," என்றார். அரசு வக்கீல் நிமிர்ந்து அவரை முறைத்தார்.

"பறிச்சாங்களா, இல்லையா?" என்றார் நீதிபதி.

"பறிச்சாங்க."

குற்றம் உறுதியானது. எல்லாம் கால் மணி நேரம்.

வெளியே தாழ்வாரத்தில் ருதைனா நின்ற இடத்திலேயே நின்றாள். இஸ்மத் மேல்முறையீடு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"ரோடு போட்டவங்க எந்தக் கோர்ட்டுக்கு வருவாங்க?" என்று ருதைனா நடுவில் கேட்டாள்.

"அவங்க வர மாட்டாங்க."

"வேரோட பிடுங்கினது அவங்கதானே?"

வஜீஹா அவள் முழங்கையைப் பிடித்து, "வா, பஸ் போயிரும்," என்றாள். ருதைனாவுக்கு அது காதில் விழவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அந்தக் கணக்கு அவளுக்கு வரவில்லை. மேல்முறையீட்டுக் காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.