கத்தரித்த டிக்கெட்

“என் டிக்கெட் நம்பரைக் குடுங்க மாமா.”

மாமாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றது. கடையில் அப்போது எங்களைத் தவிர ஒரே ஒரு ஆள்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற லாரி டிரைவர், தன் டிக்கெட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “கத்தணுமா கத்து, கோவிச்சுக்கணுமா கோவிச்சுக்க. நம்பரை மட்டும் கேட்டுடாதடி. கேட்டா அவனை நம்பலன்னு ஆயிடும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருக்கிறது?” மாமா அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு, தன் டிராவல்ஸ் கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளை எங்களுக்குக் கொடுத்தவர். அதனால் அம்மா அவருடைய வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள். நான் கல்லூரி முடித்ததிலிருந்து கடையில் உட்கார்ந்துவந்தேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. விமான டிக்கெட் எல்லாமே கடையின் மெயிலுக்குத்தான் வரும். அந்த மெயிலை மாமா ஒருவர்தான் திறப்பார். அவர் பிரிண்ட் போடுவார், நான் எடுத்துக் கொடுப்பேன். தாளின் தலையில் ஆறு எழுத்தில் ஒரு புக்கிங் நம்பர் இருக்கும். அந்த நம்பரும் பயணியின் பெயரும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் விமான கம்பெனியின் தளத்துக்குள் போய் நேரம் பார்க்கலாம், தேதி மாற்றலாம், இடம் தேர்ந்தெடுக்கலாம். மாமா அந்தத் துண்டை மட்டும் நேர்க்கோடாகக் கத்தரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மிச்சத் தாளை, கடை பெயர் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஆசீர்வாதம் மாதிரி நீட்டுவார். “எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்க, நான் பாத்துக்கறேன்.” தலை இல்லாத டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜனங்கள் அவருக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் விமான நிலைய கவுண்டரில் ஏற்றிவிடுவார்கள் என்பதால் தலை இல்லாதது யாருக்கும் உறைத்ததில்லை.

என் டிக்கெட்டையும் அப்படித்தான் வெட்டினார். அந்தத் துண்டு டப்பாவுக்குப் போகவில்லை, அவர் சட்டைப் பைக்குப் போனது. மெல்லிய வெள்ளைச் சட்டை. அன்றைக்கும் துண்டின் மடிப்பு வெளியே தெரிந்தது.

“என்ன கேட்ட?” என்றார் மாமா.

“என் புக்கிங் நம்பர்.”

“அது எதுக்கு உனக்கு?”

“நேரம் பாக்கணும்.”

“பேப்பர்லதான் போட்டிருக்கே. ராத்திரி ஃப்ளைட்டு. சாயங்காலம் நானே கொண்டுபோய் விடறேன்னு சொல்லியாச்சு. அப்புறம் என்ன?”

“மத்தியானத்துக்கு மாத்திட்டாங்களாம்.”

“யாரு சொன்னா?”

சொன்னது கண்ணாடி. என்னோடு அதே வேலைக்குத் தேர்வானவள். நேர்முகத் தேர்வில் பக்கத்து நாற்காலி. பெரிய கண்ணாடி போட்டிருந்ததால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. பால் பவுடர் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. டிக்கெட்டைத் தொழிற்சாலையே எடுத்து மெயிலில் அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று வேலைக் கடிதத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார்கள். காலையில் நான் பெட்டிக்குப் பூட்டு தேடிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘கிளம்பிட்டியா? ஃப்ளைட்டை மத்தியானத்துக்கு இழுத்துட்டாங்களே, மெயில் பாத்தல்ல?’

நான் எங்கே பார்ப்பது? விண்ணப்பத்தை இந்தக் கடைக் கணினியில்தான் நிரப்பினேன். ஈமெயில் என்கிற கட்டத்தைக் கண்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை தானாகக் கடையின் முகவரியை அடித்துவிடும். வீட்டுக்கே ஒரு மெயில்தான். என் டிகிரி ரிசல்ட்கூட அதில்தான் வந்தது. நான் பாஸ் என்பதை மாமா படித்தார், கடைக்கு வந்தவர்களுக்குச் சொன்னார், தெருவுக்குச் சொன்னார், சாயங்காலமாக எனக்குச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. அதைத் தெரிந்துகொண்ட கடைசி ஆள் நான்.

“கூட வர்ற பொண்ணு சொன்னா. அவளுக்கு மெயில் வந்திருக்கு. அதே ஃப்ளைட்டு. எனக்கும் வந்திருக்கணும்” என்றேன்.

“ஒண்ணும் வரல.”

“திறந்து காட்டுங்க.”

“வரலங்கிறேன்ல? எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்? பாதி ஊரை ஏத்தி அனுப்பியிருக்கேன். இவ எனக்கு டைம் சொல்லிக் குடுக்க வந்துட்டா!” டிரைவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். “பாத்தீங்களா தம்பி, பட்டதாரி. பட்டம் வாங்கினா அடுத்து அது மேலதான் பறக்கும்.”

டிரைவர் சிரிக்கவில்லை. “பொண்ணு பதட்டமா இருக்கு. ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்களேன் அண்ணே.”

“நீங்க சும்மா இருங்க தம்பி. இது குடும்ப விஷயம்.”

“டிக்கெட்டு குடும்ப விஷயமா?” என்றேன்.

மாமா கணினித் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அதுவரைக்கும் எனக்கு ஓரமாக ஒரு சந்தேகம் இருந்தது. ஒருவேளை அவர் மெயிலைப் பார்க்காமலே இருந்திருக்கலாம், நான்தான் வீணாகக் குதிக்கிறேனோ என்று. திரை திரும்பியதும் அந்த எண்ணம் போய்விட்டது.

நேராக விமான நிலையத்துக்குப் போய்விடலாம் என்றால், வாசலில் காவல்காரர் டிக்கெட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். என் கையில் இருந்த தாளில் ராத்திரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சீக்கிரம் வந்துட்டம்மா, ஓரமா உட்காரு என்பார். நான் ஓரமாக உட்கார்ந்திருக்க, என் விமானம் என் தலைக்கு மேலேயே போகும்.

விமான கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை அழுத்தினேன். ஒரு பாட்டு ஓடியது. நடுநடுவே ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. பாஸ்போர்ட்டைப் பிரிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். பாஸ்போர்ட்டை மட்டும் நான் யாரிடமும் கொடுத்து வைக்கவில்லை. தலையணை உறைக்குள் வைத்துத்தான் தூங்கினேன்.

“யாருக்குப் போடற?” என்றார் மாமா.

“ஃப்ளைட்டுக் கம்பெனிக்கு.”

“நம்பர் இல்லாம அவன் பேச மாட்டான்.”

“பேசறானா இல்லையான்னு பாப்போம்.”

பாட்டு நின்றது. ஒரு பெண் எடுத்தாள். புக்கிங் நம்பர் கேட்டாள். இல்லை என்றேன். மாமாவின் மீசை லேசாக ஏறியது.

“பரவாயில்ல மேடம். பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, எங்கேர்ந்து எங்க போறீங்கன்னு சொல்லுங்க.”

சொன்னேன். மாமாவின் மீசை இறங்கியது. விசைப்பலகை தட்டுகிற சத்தம் ஃபோனுக்குள் கேட்டது.

“மேடம், உங்க ஃப்ளைட் நேரம் மாறியிருக்கு. இன்னைக்கு மத்தியானம் கிளம்புது. முந்தாநாளே மெயில் அனுப்பிட்டோமே.”

“எனக்கு வரல.”

“வந்திருக்கு மேடம். புது நேரத்துக்குச் சம்மதம்னு நீங்களே அழுத்தியிருக்கீங்க.”

“நான் அழுத்தினேனா?”

“உங்க மெயில்லேர்ந்துதான் அழுத்தியிருக்கு. அன்னைக்கே.”

பெஞ்சில் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபோனை வை” என்றார் மெதுவாக.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். அந்த மெயிலை மாத்தணும். வேற மெயில் தர்றேன், டிக்கெட்டை அதுக்கு அனுப்புங்க.”

“ஃபோனை வைன்னு சொன்னேன்ல!” மாமா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கை ஃபோனுக்கு நீண்டது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தேன். என்னை அவர் இதுவரை அடித்ததில்லை. அன்றைக்கு அடிப்பாரோ என்று தோன்றியது. டிரைவர் எழுந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தை ரசிப்பது போல நின்றுகொண்டார். நல்ல அகலமான மனுஷன்.

அந்த முதுகுக்குப் பின்னால் நின்று என் மெயில் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். என் பெயரும் பிறந்த வருஷமும். கண்ணாடியின் செய்தியைப் படித்த கையோடு குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உண்டாக்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக அதை ஒருத்தரிடம் உரக்கச் சொன்னேன்.

“மாத்தியாச்சு மேடம். டிக்கெட் இப்ப வந்துடும்.”

வைத்துவிட்டாள். மெயில் பெட்டி காலியாக இருந்தது. கீழே இழுத்து விட்டேன். சக்கரம் சுற்றியது. காலி. மறுபடி இழுத்தேன். காலி.

“நான் உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்” என்றார் மாமா, டிரைவரின் தோளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “தெரியாத தேசம். தனியா ஒரு பொண்ணு. அக்கா வேற ஒண்டியா...”

“அப்ப போகாதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா கேப்பியா நீ?”

“கேக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்.”

அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அக்கா பெண் விமானம் ஏறப்போகிறாள் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவரே அவர்தான். போகாதே என்று சொன்னால் அவர் கெட்டவராகிவிடுவார். விமானம் தவறிப்போனால் யாரும் கெட்டவரில்லை. அய்யோ பாவம், கம்பெனிக்காரன் நேரத்தை மாத்திட்டான் என்று என்னோடு சேர்ந்து உச்சுக் கொட்டியிருப்பார். ஆறுதலாக எனக்கு ஒரு புது நாற்காலிகூட வாங்கிப் போட்டிருப்பார், அதே பிரிண்டர் பக்கத்தில்.

“நீ போயிட்டா கடையை யார் பாக்கறது?” என்றார் கடைசியில். அவர் அன்றைக்குச் சொன்ன முதல் உண்மை.

“இதை முதல்லயே கேட்டிருந்தா உக்காந்து பேசியிருக்கலாம் மாமா.”

ஃபோன் நடுங்கியது. மெயில். திறந்தேன். முழு டிக்கெட். தலையில், கத்தரிக்காத ஆறு எழுத்து. கீழே மத்தியான நேரம். இப்போது கிளம்பினால் பிடிக்கலாம், வழியில் எங்கும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சத்தம் கேட்டு அம்மா மாடிப்படியில் இறங்கி வந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. “என்னடி கத்தல்? நம்பரைக் கேட்டுட்டியா?”

“ஃப்ளைட்டு மத்தியானத்துக்கு மாறிடுச்சு. மாமாவுக்கு முந்தாநாளே தெரியும்.” நிறுத்தினேன். அடுத்ததைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். “உனக்கும் தெரியுமா?”

அம்மா என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த நுரையைப் பார்த்தாள்.

“தெரிஞ்சா உன் துணி எல்லாத்தையும் இப்பப் போய் ஊற வெப்பேனாடி?” என்றாள். “ராத்திரிதானே, காஞ்சிடும்னு அத்தனையும் வாளிக்குள்ள கிடக்கு. அந்தப் புது சுடிதார்கூட.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் அடக்கினேன், நேரம் இல்லை.

“அக்கா, நான் சொல்றதை...” என்று மாமா ஆரம்பித்தார்.

“நீ பேசாத தம்பி.” அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவளுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், சொல்லிவிட்டு மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தார். மடிப்பில் நைந்துபோயிருந்தது. “இந்தா. வாங்கிக்க. நான் தரமாட்டேன்னா சொன்னேன்?”

“டப்பாவுல போட்டு வெச்சுக்கோங்க” என்றேன்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். “அண்ணே, என் டிக்கெட்டு மேசை மேல இருக்குதே, அதை வெட்டாம அப்படியே குடுத்துடுங்க. பாதி வெட்டினது பரவாயில்ல, ஒட்டிக்கிறேன்.”

வெளியே ஹாரன் அடித்தது. மாமா வாசலைப் பார்த்தார். “யாரது?”

“என் டாக்ஸி.”

“எப்பக் கூப்பிட்ட?”

“கீழ இறங்கி வர்றதுக்கு முன்னாடியே.”

பெட்டியையும் அப்போதே இறக்கி, வாசல் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பாதி காலியான பெட்டி. அதில் சான்றிதழ்களும் ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு போர்வையும் இருந்தன. கைப்பிடியை இழுத்தேன்.

“துணியைப் பிழிஞ்சு ஒரு கவர்ல போட்டுத் தரட்டுமாடி? அங்க போய்க் காயப்போட்டுக்கயேன்” என்றாள் அம்மா.

“நேரம் இல்லம்மா.”

“அப்ப ஊறட்டும், நீ போ” என்றாள். “போய்ச் சேந்ததும் எனக்கு ஃபோன் பண்ணு. எனக்கு. கடைக்கு இல்ல.”

மாமா ஏதோ சொன்னார். என் பெயரைத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். டாக்ஸிக்காரர் மறுபடி ஹாரன் அடித்ததில் அது சரியாகக் கேட்கவில்லை. நான் பெட்டியைத் தூக்கிப் படி தாண்டினேன்.