நாளுக்கு ஐந்து சொல்

ஜெர்லினுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் ஷம்ஸியா டீச்சர்தான், பெற்ற தாய் அல்ல. இதை லூசி யாரிடமும் மறைத்ததில்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

கூடங்குளத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிய சிறிய ஊர் அவர்களுடையது. கணவன் இன்னாசி பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். லூசி விடியும் முன்பே ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சட்டியில் சுமந்து நாலைந்து ஊர்களில் விற்றுவிட்டு, மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். ஒரே மகள் ஜெர்லின். ஏழு வயதாகியும் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அவையும் தாய்க்கு மட்டுமே புரிகிற சொற்கள். "எங்க அக்காவும் பிந்தித்தான் பேசுனா" என்று இன்னாசி சொல்லிவிட்டான். லூசியும் அதையே பிடித்துக்கொண்டாள். பள்ளியில் பிள்ளைகள் அவளை ஊமைச்சி என்று கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் இரண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவர் ஷம்ஸியா டீச்சர். சொந்த ஊர் மேலப்பாளையம். கூடங்குளத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆடி மாதத்தில் ஒருநாள், பள்ளி விட்டதும் லூசியின் வீட்டைத் தேடி வந்தார். காற்றில் முகமெல்லாம் மணல்.

"லூசியக்கா, ஒண்ணு சொல்லுதேன். பயப்படக் கூடாது."

லூசிக்கு அதைக் கேட்டதுமே பயம் வந்துவிட்டது.

"நான் அவ முகத்தப் பாத்து நோட்ட எடுன்னு சொன்னா எடுக்கா. போர்டுல எழுதிக்கிட்டே சொன்னா சும்மா இருக்கா. பத்து நாளா மாத்தி மாத்திப் பாத்துட்டேன். அவ என் வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிடுதா. பிள்ளைக்குக் காது கேக்கலயோன்னு நினைக்கேன்."

ஜெர்லின் அப்போது வாசலில் கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். லூசி அவளுக்குப் பின்னால் போய் நின்று பெயரைச் சொன்னாள். குழந்தை திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். அடுத்த வீட்டு வினோலியா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். ஜெர்லின் மட்டும் பார்க்கவில்லை. எத்தனை நாள் கூப்பிட்டும் வரவில்லை என்று அந்த முதுகில் அடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் லூசிக்கு உறைத்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரும் புடவை அழுக்காவதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் டீச்சரே லீவு போட்டுவிட்டு அவர்களைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சோதனைகள் நடந்தன. இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்துக் காதுக் கருவி கிடைத்தது. அதை மாட்டிய அன்று ஜெர்லின் மிரண்டு அழுதாள். பஸ் ஹாரனுக்குத் தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரீபா என்ற பெண் லூசியிடம் விளக்கினாள்.

"கருவி சத்தத்த மட்டுந்தான்க்கா கொடுக்கும். அது என்ன சத்தம்னு நாமதான் பழக்கணும். செவ்வாய்க்கிழமைதோறும் இங்க கூட்டிட்டு வாங்க. ஆனா அது பத்தாது. ஒரு சொல்ல ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அவ கேக்கணும். எதிர்ல உக்காந்து, முகத்தப் பாத்து, பையச் சொல்லணும். வேற வேற ஆள் சொன்னா இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு அஞ்சு சொல் போதும்."

அஞ்சு சொல். முப்பது தடவை. திரும்பி வரும் பஸ்ஸில் வள்ளியூர் வரைக்கும் லூசி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். விடியும் முன் போய் இரண்டு மணிக்கு வருகிறவள் எப்போது சொல்வாள்? இன்னாசி கடலுக்குப் போனால் காலையில் வந்து படுப்பான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அடுத்த வீட்டு வினோலியாதான் அதற்குத் தலைவி. லூசி பின்னால் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளிடம் முன்பே கேட்டு, அவள் தலையசைத்த பிறகுதான் விஷயத்தை எடுத்தார். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் லூசி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, இதுக்குப் போயி ஏன் அழுத?" என்றாள் வினோலியா. "நம்ம ஊருல வாயில்லாத ஆளு யாரு இருக்கா? ஆளுக்கு ரெண்டு தடவ சொன்னாக்கூட நூறு வரும். காலைல பூசை முடிஞ்சதும் மாதா கோயில் மைக்குல அன்னிக்கு உள்ள அஞ்சு சொல்லயும் சொல்லச் சொல்லுவோம். பிள்ளையப் பாக்குதவங்க எல்லாரும் அதச் சொல்லட்டும். செவ்வாக்கிழம உன் மீன் சட்டிய நான் கொண்டு போறேன். தையல் எங்கயும் ஓடிப் போகாது."

கூட்டத்தில் எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. இன்னாசிக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஊரு பூராவும் மைக்குல சொல்லவா? நாளைக்கு அவளக் கெட்டிக்கொடுக்க வேண்டாமாட்டி?"

"இப்ப அவள ஊமைச்சின்னு கூப்பிடுதாங்களே, அது ஊருக்குத் தெரியாதோ?" என்று லூசி கேட்டாள். அவன் எழுந்து வெளியே போனான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை, டீச்சர் எழுதிக்கொடுத்த சீட்டை மைக்கில் பங்குச் சாமியார் வாசித்தார். "இன்றைக்கு ஜெர்லினுக்கான ஐந்து சொல்: மீன், வலை, தண்ணி, சோறு, வா."

அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்ததை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள். கடற்கரையில் காற்றை மீறிக் கத்தியே பழகிய ஆட்கள், ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து 'வலை' என்றார்கள். வலையைத் தூக்கிக் காட்டி மறுபடியும் 'வலை' என்றார்கள். பலசரக்குக் கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி கடைக்கு வந்தவர்களை நிறுத்திவைத்துவிட்டு அவளுக்கு அரிசியை அள்ளிக் காட்டினார். வகுப்பில் டீச்சர் பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்தார். அப்படி இருந்தால்தான் பேசுகிற ஒவ்வொருவர் முகமும் ஜெர்லினுக்குத் தெரியும். ஊமைச்சி என்று கூப்பிட்ட பிள்ளைகளே, யார் அதிகத் தடவை சொன்னது என்று போட்டி போட்டார்கள்.

முதல் மூன்று வாரம் ஜெர்லின் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. லூசிக்கு மனம் சோர்ந்தது. ஊரும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லும் என்று பயந்தாள். ஆனால் ஒருநாள் கூட மைக் நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து பஸ் நிலையத்துக்குப் போகாமல், லூசி மகளைக் கொக்கிரகுளத்துக்குக் கூட்டிப்போனாள். கடலையே பார்த்து வளர்ந்த பிள்ளை, ஆற்றைப் பார்த்ததில்லை. ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் நின்று தாமிரபரணியைக் காட்டினாள். ஜெர்லின் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாயின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "தண்ணி" என்றாள். கையை நீட்டி, "தண்ணி போவுது" என்றாள்.

இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பாலத்தில் போனவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் லூசி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அங்கிருந்தே வினோலியாவுக்குப் போன் போட்டாள். அவர்கள் ஊர் வந்து இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லாருக்கும் மறுபடி ஒருதரம் அதைக் கேட்க வேண்டியிருந்தது. ஜெர்லினும் சலிக்காமல் சொன்னாள்.

மறுநாள் மதியம் இன்னாசி சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். அதுவரை அவன் அந்த வாசலை மிதித்ததில்லை. டீச்சர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றானாம். டீச்சர்தான் பிறகு லூசியிடம் சொன்னார்.

"டீச்சர், நாளைக்கு உள்ள அஞ்சுல, அப்பான்னு ஒண்ணு சேத்துக்கிடுதீயளா?" என்று கேட்டானாம்.

டீச்சர் சேர்த்துக்கொண்டார். மறுநாள் ஊரே ஜெர்லினிடம் இன்னாசியைக் கைகாட்டி 'அப்பா, அப்பா' என்றது. வலை பின்னிக்கொண்டிருந்தவன் வெட்கத்தில் நிமிரவே இல்லை. சாயங்காலம் ஜெர்லின் அவன் முதுகில் ஏறிக்கொண்டு "அப்பா" என்றாள். அன்று முதல் சட்டி கழுவும்போதும் சாப்பிடும்போதும் அவன் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தான். ஐந்து சொல்லோடு அவன் நிறுத்தவில்லை.

வருடம் போனது. மூன்றாம் வகுப்புக்கும் ஷம்ஸியா டீச்சர்தான். தைப்பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், அவர் ஆள் அனுப்பி லூசியை வரச் சொன்னார். மீன் சட்டியோடு அப்படியே ஓடினாள்.

"உங்க மகளப் பத்தி ஒரு புகார்" என்றார் டீச்சர். முகம் கடுமையாக இருந்தது. "பாடம் நடக்கும்போது பக்கத்துப் பிள்ளைகிட்ட வாயடிச்சுக்கிட்டே இருக்கா. ரெண்டு தடவ இடம் மாத்திட்டேன். போற இடமெல்லாம் பேச்சு. நேத்து என்கிட்டயே, டீச்சர் கத்தாதீங்க, எனக்குக் கேக்குன்னு சொல்லுதா."

லூசி வாயைத் திறந்தபடி நின்றாள். டீச்சரால் அதற்குமேல் கடுமையாக இருக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். லூசியும் சிரித்தாள். மீன் கையோடு டீச்சரின் கையைப் பிடித்துவிட்டுச் சட்டென்று விட்டாள். டீச்சர் மறுபடி தானே பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன சொல்ல, டீச்சர்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். அவ வாயக் கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க, போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை வைக்க லூசியும் இன்னாசியும் முடிவு செய்தார்கள். பூசையில் வாசிக்க யார் யார் பெயர் கொடுப்பது என்று உட்கார்ந்தபோதுதான் எத்தனை பேர் என்று தெரிந்தது. ஷம்ஸியா டீச்சர், வினோலியா, ரீபா, ஐயம்பெருமாள் அண்ணாச்சி என்று லூசி சொல்லச் சொல்ல, ஜெர்லின் நோட்டில் எழுதினாள். இன்னாசி படகுக்காரர்கள் பெயரைச் சொன்னான். ஏலம் கூறுகிறவர், பஸ்ஸை அவர்களுக்காக நிறுத்திக் காத்திருந்த கண்டக்டர், அரைவட்டத்தில் உட்கார்ந்த இருபத்திரண்டு பிள்ளைகள். பக்கம் நிறைந்துவிட்டது.

"யாரட்டி விட முடியும்?" என்றான் இன்னாசி.

"யாரயும் விடாண்டாம்" என்றாள் லூசி.

ஜெர்லின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "ம், சொல்லு" என்றாள்.