அந்த முதல் வரி

இரும்புக் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். ஒரு கை இல்லை, பத்துக் கை.

பிரிக்பீல்ட்ஸில் ‘வெண்கதிர்’ நாளிதழ் அலுவலகம் அப்போது இன்னும் திறக்கவில்லை. யாழ்ப்பாண வம்சத்தவரான துணையாசிரியர் யோகநாதன் மாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் ஒரே தாள்.

“வீட்டுச் சாவி எங்கண்ணே?” முன்னால் நின்ற நல்லம்மாள் அண்ணாந்து கத்தினாள். “ஐ.சி. அடையாளக் கார்டெல்லாம் கொண்டாந்துட்டோம். ஒங்க பேப்பர்லதான போட்டிருக்கு?”

பேப்பரில் போடவில்லை. தோட்டத்துக்காரர் ஒருவரின் மகள் கிள்ளான் சைபர் கபேயில் இண்டர்நெட்டில் பார்த்து அச்செடுத்து வந்தது; தோட்டத்து ஆட்களுக்கு இலவச வீடு, சாவி வெண்கதிர் அலுவலகத்தில் என்ற செய்தி. அதே பெயர், அதே சூரியச் சின்னம். இண்டர்நெட் முகவரியில் மட்டும் ஒரு சின்னக் கோடு கூடுதல். அது வெண்கதிர் இல்லை, வெண்கதிர் வேஷம் போட்ட போலி.

ஆசிரியர் பழனியப்பன் வந்தார். ‘வீடு கிடையாது, யாரோ ஏமாற்றிவிட்டார்கள்’ என்று கைகூப்பிச் சொல்லி பஸ்ஸைத் திருப்பி அனுப்பினார். ஒரு தாளோடு மேலே ஏறியதும் சந்திரகலாவைக் கூப்பிட்டார்.

இண்டர்நெட் பக்கம் அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பொறுப்பு தனக்குத்தான் என்று நம்பி, மஸ்ஜித் இந்தியா சாலையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர் யோகநாதன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆனால் ஏர்கான் அறை அவளுக்கு, பக்கத்தின் உச்சியில் படமும் அவளுக்கு. வாசகர் கடிதங்கள்கூட ‘சந்திரகலா அக்காவுக்கு’ என்றுதான் வந்தன. அவற்றைத் தினமும் எண்ணிப் பார்ப்பார்.

“நம்ம பக்கத்த இப்படி அச்சு அசலா செய்ய ஒன்னைத் தவிர யாருக்கும்மா தெரியும்? கூட்டம் சேக்கப் பொய் சொன்னியா?”

“சத்தியமா நான் இல்ல, சார்.”

“போதும் லா. பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. யோகா, இன்னிலேருந்து அந்தப் பக்கம் ஒங்களுக்கு.”

யோகநாதன் தலையாட்டினார். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சந்திரகலா கண்ணைத் துடைத்தபடி மேசையை ஒழிக்கத் தொடங்கினாள். ஆசிரியர் தாளை மறுபடி கையில் எடுத்து, தன்னை மறந்து உரக்கப் படித்தார்.

“‘பிறர் செம்பனையில் குலை வெட்டிய கைகள், இனிச் சொந்த வீட்டின் கதவைத் திறக்கும்.’ அடடா! செய்திதான் பொய், எழுத்தப் பாருங்க யோகா. இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு வரும் இப்படி ஒரு வரி? ஒங்களுக்கு வருமா? கோவிச்சுக்காதீங்க, இருபது வருஷமா ஒங்க எழுத்தத் திருத்துறவன் நான். அந்தப் பொண்ணு கை தனி!”

யோகநாதனின் காது மடல் சிவந்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்தார். ஆசிரியர் அந்த வரியை இன்னொரு முறை ரசித்துப் படித்தார்.

“இவளா எழுதினது? அது என்ர வரி! மூண்டு நாள் இருந்து எழுதினனான்!”