தண்டல் ரோச்சின் பத்தொன்பது முடிவுகள்

1972 கார்த்திகைப் புயலில், தான் ஓட்டிய சரக்குத் தோணியோடு காணாமல் போன தண்டல் ரோச், மறு தையிலிருந்து தினமும் பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடிக்கும்போது வேறு ஆளாக இருந்தார். வரும்போது தலை ஈரமாக இருக்கும். மனைவி மெட்டில்டா தட்டு வைப்பாள். கொழும்பிலிருந்து திரும்பிய பயணத்தை முதலிலிருந்து சொல்வார். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்பார். மன்னாரில் ஒதுங்கச் சொன்னால், சிறையில் தாடி வளர்த்த ரோச் மிச்சச் சோற்றைத் தின்றார். பாயை இறக்காமல் ஓட்டச் சொன்னால், காதில் பாசி முளைத்த ரோச். யாழ்ப்பாணத்தில் வேறு குடும்பம் வைத்திருந்த ரோச் ஒருநாள் குழம்பில் உப்பு அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போனார். எந்த முடிவும் மறுநாள் பகல் வரைதான் நின்றது. பிறகு ஈரத் தலையோடு மறுபடி வருவார்.

மகள் கிளாடிஸுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை பாஸ்கல், அந்தத் தோணியில் போய்ப் பிழைத்து வந்த ஒரே ஆள். கல்யாண அறிவிப்பாகக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பெண்ணின் தகப்பன் இருக்கிறாரா, காலமானவரா என்று சாமியார் கேட்டார். மெட்டில்டா தன் அண்ணன் மனுவேலைக் கூப்பிட்டாள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணுவது மனுவேலின் வேலை. நாற்பது பகல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கோடு போட்டார்.

"ஆறு கேள்வி. அதுக்காக அறுபத்து நாலுன்னு நெனைக்காத, ஏளா. சில வழி பாதியிலயே முடிஞ்சிருது, சில வழி சுத்திட்டு ஒரே எடத்துல வந்து முட்டுது. பத்தொம்பதுதான்."

"அவிய உசுரோட இங்கன இருக்கது?"

"ஒண்ணே ஒண்ணு. அத முந்தாநாளு நீயே பாத்துட்டியே."

பார்த்திருந்தாள். ஆறாவது கேள்வி, மிதந்து வந்த ஒற்றைப் பலகையைப் பற்றியது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ரோச்சின் தலை உலர்ந்தது. இன்னும் சோறு கேட்டார், கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். சாயங்காலம் கிளாடிஸ் கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். மகன் செத்து மூன்று மாதம் என்று பாஸ்கலின் தாய் சொன்னாள். மறுநாள் பகலில் பாஸ்கல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன சொல்லப்போற?" என்றார் மனுவேல்.

"அரிசி கழுவப்போறேன். நீரு கெளம்பும்."

அன்று பகல் ரோச் கேட்டார்: "பலக ஒண்ணுதான், மெட்டில்டா. எனக்கா, பயலுக்கா?"

"பயலுக்குக் குடுங்க."

ரோச் தலையாட்டினார், கை கழுவினார், போனார். காலஞ்சென்ற ரோச்சின் மகள் என்று ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் தடை சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் தினமும் வந்தார். மெட்டில்டா தினமும் அதே ஆறு பதில்களைச் சொன்னாள். பதில் சொல்ல ஆள் இல்லாததால் வெளியூர்த் திருவிழா ஒன்றுக்கும் போனதில்லை. புதுத் துறைமுகம் திறந்தது, கப்பல்கள் கரைக்கே வந்தன, மனுவேல் ஓய்வு பெற்றார். 1978இல் மெட்டில்டா டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கைக்குழந்தையோடு வந்த கிளாடிஸ் தகப்பனுக்குச் சோறு வைத்தாள். மீன் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டாள். ஆறாவது கேள்விக்கு, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, தாய் சொன்ன பதிலையே சொன்னாள். அதன்பிறகு இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள், புதன், வெள்ளி கிளாடிஸ் வருவாள்.