பச்சை நூல் போட்ட துண்டு

அந்த ஜப்பான் ஓட்டலில் சலவைக்கடைக்காரி மூன்று தடவை சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. முதல் தடவை பாதி சாப்பிட்டாள், இரண்டாம் தடவை கால்வாசி, மூன்றாம் தடவை ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கவில்லை.

முதல் தடவை போனது கல்யாண நாளுக்கு. ஓட்டல் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாசலில் காகித விளக்குகள், உள்ளே மூங்கில் தட்டி, கல்லாவில் கையாட்டும் பொம்மைப் பூனை. அவளும் புருஷனும் முக்கால் மணி நேரம் அந்தப் பூனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வந்த சூப் ஜில்லென்று இருந்தது. ஜில்லென்று இருக்கவேண்டிய பச்சை மீன் வெதுவெதுப்பாக இருந்தது. சூஷிச் சோறு விறைத்துப்போய், கடித்தால் பல்லுக்கு வேலை வைத்தது. முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"ஜப்பான்ல இப்படித்தான் மேடம். பழகணும்" என்றான்.

இரண்டாம் தடவை இழுத்துக்கொண்டு போனது நாத்தனார். புதிதாக எது திறந்தாலும் போய்ப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு நூடுல்ஸ் ஒரே களியாகக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இறால் பொரியலில் மாவை உரித்து உரித்துப் பார்த்தும் இறால் அகப்படவில்லை. அதற்கும் ஜப்பானில் அப்படித்தான் என்றான். "நீங்க ஜப்பான் போயிருக்கீங்களா?" என்று நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டாள். "வீடியோ நிறைய பாத்திருக்கேன்" என்றான் அவன், நாக்குக் கூசாமல். இதற்குப் பிறகும் அங்கே போகிறவர்களைச் சொல்லவேண்டும்!

ஆனால் அந்த இரண்டு தடவையும் ஒரே ஒரு சாமான் மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. உட்கார்ந்ததும் கை துடைக்கக் கொண்டுவந்து வைத்த சூடான ஈரத் துண்டு. வெள்ளை வெளேரென்று, சுருட்டி, ஆவி பறக்க. அதைத் தொட்டபோது சலவைக்கடைக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. அது அவள் கடையில் வெளுத்த துண்டு.

வங்கிக்குப் பின்தெருவில் பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது அவள் சலவைக்கடை. பல் டாக்டரம்மாவின் கோட்டுகள், முடிதிருத்தும் கடையின் மேல்துணிகள், இந்த ஓட்டலின் துண்டுகள், மேஜைவிரிப்புகள், எல்லாம் அங்கேதான் வெளுக்கும். வண்டிக்காரர் பின்வாசலில் மூட்டையை வாங்கி வருவார், கொண்டுபோய்க் கொடுப்பார். ஓட்டல்காரனுக்கு அவள் குரல் போனில் தெரியும், முகம் தெரியாது. அவளும் சாப்பிடப் போன இடத்தில் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. துணியை அடுக்கி வைக்கிறவர்கள் எல்லாரும் மேலே இருப்பதையே எடுத்து எடுத்துப் போடுவார்கள், அடியில் கிடப்பது மாதக்கணக்கில் கிடந்து மக்கும். பிறகு சலவை சரியில்லை என்று பழி வரும். அதனால் அவள் ஒவ்வொரு மாதமும் ஒரு நிறத்தில் நூல் எடுத்துக்கொள்வாள். அந்த மாதம் முதல் தடவை வருகிற துணியின் மூலையில் பழைய நூலைப் பிரித்துவிட்டுப் புது நிறத்தில் நாலு தையல் போடுவாள். இந்த மாதம் மஞ்சள். போன மாதம் நீலம், அதற்கு முன்னால் சிவப்பு, அதற்கும் முன்னால் பச்சை. மூலையைப் பார்த்தால் அந்தத் துணி கடைசியாக எப்போது வெளுத்தது என்று தெரிந்துவிடும். இதை அவள் யாருக்கும் விளக்கியதில்லை. வாடிக்கையாளர்கள் அழகுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பச்சை நூல் மாதத்தின் கடைசியில் ஓட்டல்காரன் போன் செய்தான். இனி துண்டு வராது, காகிதத் துண்டுக்கு மாறிவிட்டோம், மேஜைவிரிப்பும் இனி பிளாஸ்டிக்தான் என்றான். சரி, அவன் கடை, அவன் இஷ்டம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பல் டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்லவர், நறுக்கென்று பேசுகிறவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து கோட்டை வேற எடத்துக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"ஏன் டாக்டரம்மா? கறை ஏதும் இருந்துச்சா?"

"என் கோட்டுல ஒண்ணும் இல்ல. அந்த ஜப்பான் ஓட்டலுக்குப் போயிருந்தேன். துண்டு குடுத்தாங்க, கிட்ட கொண்டுபோக முடியல, அவ்வளவு வாடை. கேட்டா, லாண்டரி மோசம்னாரு. எந்த லாண்டரின்னு கேட்டேன், உங்க கடையச் சொன்னாரு. நான் நோயாளி வாயில கை வெக்கிறவ. எனக்குச் சந்தேகம் வரக்கூடாது இல்லையா?"

சலவைக்கடைக்காரிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "துண்டா? காகிதம்னு சொன்னானே!" என்றாள். பிறகுதான் விஷயம் மெல்ல உறைத்தது. பன்னிரண்டு வருஷம் சுடுதண்ணியில் கை வெந்து சம்பாதித்த பேர். அதைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஒருத்தன் நாறடித்துக்கொண்டிருக்கிறான், அதுவும் மூன்று மாதமாக! முடிதிருத்தும் கடைக்காரர் போன வாரம் முகம் கொடுத்துப் பேசாததற்கும் இப்போது காரணம் புரிந்தது.

"டாக்டரம்மா, ஒரே ஒரு உதவி. ஞாயித்துக்கெழம மத்தியானம் என்கூட அங்க சாப்பிட வாங்க. அதுக்கப்புறம் நீங்க எங்க வேணா குடுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த டைரியைப் புரட்டிப் பார்த்தார். "சாப்பிட மாட்டேன். வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போனார்கள். அவளும் புருஷனும், டாக்டரம்மாவும், பிறகு கூப்பிடாமலே தொற்றிக்கொண்ட நாத்தனாரும். புருஷன் சண்டை என்றாலே சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்துவிடுகிற ஆள். வழியெல்லாம் "நிதானமாப் பேசும்மா" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஓட்டலில் நல்ல கூட்டம். ஊரே நாக்கை எங்கேயோ அடகு வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் நாலு துண்டு வந்தது. சுருட்டி, ஆவி பறக்க, எலுமிச்சை எசன்ஸ் மணக்க. அந்த மணத்துக்கு அடியிலிருந்து மெதுவாக இன்னொன்று கிளம்பியது. பழைய எண்ணெய், மீன், ஈரம் காயாத துணி எல்லாம் கலந்த வாடை. டாக்டரம்மா துண்டை விரல் நுனியால் தள்ளி வைத்தார். நாத்தனார் முகத்துக்கு அருகில் கொண்டுபோனவள் "சீ!" என்று போட்டுவிட்டு முதலாளியைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

அவன் சிரித்த முகத்தோடு வந்து ஜப்பான்காரர்போல இடுப்பை வளைத்து வணங்கினான்.

"துண்டு இப்படி நாறுதே, என்னங்க இது?"

"மன்னிக்கணும் மேடம். நாங்க சுத்தத்துல ரொம்ப கவனம். லாண்டரிதான் சரியில்ல. எத்தன தடவ சொல்லியும் திருந்த மாட்டேங்கறாங்க."

"எந்த லாண்டரி?" என்று கேட்டாள் சலவைக்கடைக்காரி. அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"பேங்க்குக்குப் பின்னாடி ஒரு அம்மா நடத்துது. பாவமேன்னு பாக்கறேன், இல்லேன்னா எப்பவோ மாத்தியிருப்பேன்."

"அந்த அம்மா நான்தான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கெட்டிக்காரன், ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டான். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. நானே கேக்கணும்னு இருந்தேன், ஏன் மேடம் இப்படித் துவைக்கறீங்க?" என்றான், பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கும்படியாக.

புருஷன் பொத்தானைத் திருகினார். அவள் துண்டை விரித்து மூலையைத் திருப்பிக் காட்டினாள். நாலு பச்சைத் தையல்.

"இது என்ன தெரியுமா? நான் கடைசியா இதை வெளுத்த மாசம். மூணு மாசம் முடிஞ்சு போச்சு. இப்ப என் கடையிலேர்ந்து போற எல்லாத்துலயும் மஞ்சள் நூல் இருக்கும். இந்தத் துண்டு என் கடைப் படியேறி மூணு மாசம் ஆச்சுங்க. காகிதத்துக்கு மாறிட்டோம்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

அவன் சிரித்தான். "நூலா? ஒரு நூலை வெச்சு என்ன வேணாலும் சொல்லலாம் மேடம். மஞ்சள் போடுவீங்க, பச்சை போடுவீங்க, நான் என்னத்தக் கண்டேன்?"

"நான் கண்டிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "நேத்து நான் போட்டிருந்த கோட்டுல மஞ்சள் நூல். போன மாசம் அதே கோட்டுல நீலம். எனக்கு இது எதுக்குன்னு இப்பதான் புரியுது."

அதற்குள் நாத்தனார் சும்மா இருப்பாளா? பக்கத்து மேஜையில் கேட்டுவிட்டாள். "உங்க துண்டுல என்ன நூல் பாருங்க?" "பச்சைதாங்க." "இங்கயும் பச்சை." ஜன்னலோரம் இருந்த ஒருவர் எழுந்தே நின்று, "இதுல ஊதா இருக்கு" என்றார். அது பச்சைக்கும் முந்தின மாதம். அவர் கையைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.

"நாங்களே மெஷின்ல போடறோம்" என்றான் முதலாளி. இப்போது சத்தம் இறங்கியிருந்தது.

"எங்க இருக்கு மெஷின்?" என்று கேட்டாள் அவள்.

அவன் கல்லாப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில், கையாட்டும் பூனைக்குக் கீழே, துண்டைச் சூடாக்கும் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அவன் குறுக்கே வருவதற்குள் கதவைத் திறந்தாள். ஆவியோடு வாடையும் முகத்தில் அடித்தது. மேலே இருந்த துண்டை எடுத்துப் பிரித்தாள். உள்மடிப்பில் யாருடைய உதட்டுச்சாயமோ அப்பியிருந்தது. அடுத்ததில் சோயா சாஸின் கறை, அதற்குள் ஒட்டிக்கொண்டு ஒரு சோற்றுப் பருக்கை. ஒருத்தர் துடைத்துப் போட்டதை நனைத்து, எசன்ஸ் தெளித்து, சுருட்டி, சூடாக்கி அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான் அவன் சலவை!

அவள் அந்தத் துண்டை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இதுவும் ஜப்பான்ல இப்படித்தானா?"

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. இரண்டு மேஜைகள் காலியாயின. அவன் ஓடிவந்து மெல்லிய குரலில் கெஞ்சினான். "மேடம், எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வாங்க, பேசிக்கலாம். நாளையிலேர்ந்து துண்டு, விரிப்பு, ஏப்ரன், எல்லாமே உங்களுக்குத்தான். முன்ன மாதிரியே அனுப்பறேன்."

"வாங்கிக்கோம்மா, இதோட போகட்டும்" என்று புருஷனும் அவள் காதருகே சொன்னார். அவர் சுபாவம் அப்படி.

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். தப்புச் செய்தவன் செய்தான், அதைத் தன் தலையில் கட்டினான், பாவமேன்னு பாக்கறேன் என்று வேறு சொன்னான். இப்போது வேலை கொடுத்தால் வாயை மூடிக்கொள்வாள் என்று கணக்குப் போடுகிறான்.

கைப்பையைத் திறந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்த துண்டுகளை வாரி ஒரு மேஜையில் போட்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"என் நூலை எடுத்துக்கறேன். துண்டு உங்களோடது, அதை நீங்களே வெச்சுக்குங்க. என் நூல் இருக்கற துணி ஒண்ணுகூட இந்தக் கடையில இருக்கக் கூடாது."

முதல் மூலையில் கத்தரி வைத்தாள். நாலு தையல், ஒரு வெட்டு, ஒரு இழுப்பு. அடுத்தது. அவன் நின்று பார்த்தான், சுற்றிப் பார்த்தான், யாரும் அவன் பக்கம் பேசவில்லை. நாத்தனார் மேஜை மேஜையாகப் போய் மிச்சமிருந்த துண்டுகளை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். புருஷன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பொத்தானை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மூலைகளைத் தேடித் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கிளம்பறேன். செவ்வாய்க்கெழம கோட்டு எடுக்க வண்டிய அனுப்புங்க. முடிதிருத்தறவர்கிட்ட நானே பேசறேன்" என்றார்.

அவள் நிமிராமலே தலையாட்டினாள். மேஜைமேல் பச்சை நூல் பொட்டுப் பொட்டாகச் சேர்ந்தது. இன்னும் இருபது முப்பது துண்டு பாக்கி இருந்தது, அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. முதலாளி கடைசியாக ஒரு தடவை, "வாடிக்கக்காரங்க எல்லாம் பாக்கறாங்க மேடம்" என்றான்.

"பாக்கட்டும்" என்றாள், அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே.