கீழே இருந்த கைப்பிடி

ஜெயரூபி பம்பின் பெட்டியைத் திறந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள்:

அபூதாஹிர் ஹாஜியார், ஐஸ் தொழிற்சாலையின் முதலாளி. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

ஜெயரூபி, அன்புவழிபுரத்திலிருந்து வந்த எலக்ட்ரீசியன்.

முஹம்மது தம்பி, பத்தொன்பது வருடமாக அங்கே ஜெனரேட்டர் பார்ப்பவர். டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹாஜியாரின் மருமகன் றிப்தி அங்கே இல்லை. முற்றத்துக்கு அப்பால், அலுவலகத்தில் இருந்தான்.

வேலை சின்னது. துறைமுகத்துத் தண்ணீரை இழுத்துக் கொம்பிரசரைக் குளிர்விக்கிற பம்ப் போன மாதம் ஒருநாள் தானாக நின்றுவிட்டது. அன்று முஹம்மது தம்பி லீவு. யாரும் கவனிக்கவில்லை, கொம்பிரசர் கருகியது. இனி அப்படி நடக்காமலிருக்க ஒரு கறுப்பு வளையம் வந்திருந்தது. வளையல் அளவுதான். பம்புக்குப் போகும் வயர் அதற்குள்ளால் போகும். வயரில் மின்சாரம் ஓடும்வரை வளையம் சும்மா இருக்கும். ஓட்டம் நின்றால் கொம்பிரசரையும் நிறுத்திவிடும்.

"சின்ன வளையம்தானே பிள்ள. கரண்ட் இருக்கேக்கயே கோர்க்க ஏலாதா?" என்று ஹாஜியார் முதலே கேட்டிருந்தார்.

"ஏலும் ஹாஜியார். பிறகு என்னை உங்கட ஐஸ் பெட்டியிலதான் வீட்டை அனுப்பவேணும்."

அதனால்தான் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். எப்படியும் வேலை நிற்கும் நேரம். புல்மோட்டை லொறிகள் ஐஸ் ஏற்ற மூன்று மணிக்குத்தான் வரும்.

ஒன்பது அடித்துக் கரண்ட் போனதும் ஜெயரூபி பிரதான சுவிட்சை இறக்கித் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்தாள்.

"கரண்டே இல்ல, அதுக்கொரு பூட்டா?" ஹாஜியார் சிரித்தார்.

"அது வரேக்க என்னட்ட கேட்டுட்டு வாறேல்ல." அவள் அப்போதுதான் டோர்ச்சோடு வந்த முஹம்மது தம்பியிடம் திரும்பினாள். "நானா, இந்தப் பெட்டிக்கு வேற எங்கயிருந்தாவது கரண்ட் வருமா? ஜெனரேட்டரால?"

"பெரிசால வரும். அதுவும் நீங்க பூட்டின சுவிட்சாலதான் வரணும்."

அது உண்மைதான். சின்ன ஜெனரேட்டரைப் பற்றி அவர் சொல்லவில்லை.

டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடம், பெரிய ஜெனரேட்டருக்கு ஊற்ற ஒரு சொட்டும் இல்லாதபோது, அவர் யாரிடமும் கேளாமல், கொஞ்ச எண்ணெயில் அலுவலகத்துக்கு ஓடும் சின்னதிலிருந்து பம்புக்குத் தனி வயர் இழுத்தார். ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் பம்புக்கு வழமையான கரண்ட், கீழே இழுத்தால் சின்ன ஜெனரேட்டர். அதன்மேல் தன் பழைய மழைக்கோட்டைக் கொழுவி வைத்தார். வரிசை போன பிறகும் அதை அவர் விடவில்லை. ஒவ்வொரு மின்வெட்டிலும் சூட்டோடு நின்றுபோன கொம்பிரசருக்குப் பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிடுவார். சின்னதின் இரைச்சலில் பம்பின் சத்தம் யாருக்கும் கேட்காது.

பிறகு களஞ்சியத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் பொருத்திய வயர் ஒன்று எரிந்தது. ஹாஜியார் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினார். "இனி எனக்குத் தெரியாம ஒருத்தன் ஒரு வயர் இழுத்தாலும் அண்டைக்கே அவன் வீட்டை போறான்." முன்வரிசையில் நின்று ஓம் என்று தலையாட்டியவர்களில் முஹம்மது தம்பியும் ஒருவர்.

ஜெயரூபி டெஸ்டரை வேலை செய்கிறதா என்று பார்த்தாள், பிறகு பெட்டியின் வயர்களில் வைத்தாள், திரும்பவும் டெஸ்டரைப் பார்த்தாள். பெட்டியில் கரண்ட் இல்லை. திருகாணி சின்னது என்பதால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வயரைப் பிடித்தாள்.

அப்போதுதான் முஹம்மது தம்பிக்கு அது உறைத்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனபோது அவர் ஜெனரேட்டர் அறையில் நின்றார். ஹாஜியார் டோர்ச் பிடிக்கக் கூப்பிட முன்னம் அவருடைய கை ஏதோ செய்தது. என்ன செய்தது என்று கைக்கு ஞாபகம் இருந்தது. மழைக்கோட்டின் ஈர வாடை. பிறகு கீழே ஒரு இழுவை.

சின்னதை நான் ஸ்டார்ட் பண்ணாவிட்டால் சரி, என்று நினைத்தார். நான் இங்கேதானே நிற்கிறேன்.

"நானா, வெளிச்சம் ஆடுது."

"கை உளையுது மகள்." அவர் ஹாஜியாரைப் பார்த்தார். "நான் ஒருக்கா வெளிய போயிட்டு வாறன்."

"எங்க போற? பிள்ள இருட்டில வேலை செய்யிறதா? பிடி."

பிடித்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவள் வயரை வளையத்துக்குள் நுழைத்து, செப்பு முனையை விரல்களால் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

முற்றத்திலிருந்து றிப்தியின் குரல் கேட்டது. "தம்பி நானா! போன் சார்ஜ் இறங்கிட்டுது, ஓபீஸ்ல ஃபேனும் இல்ல. நீங்க நில்லுங்க, சின்னத நான் போடுறன்!"

முன்பென்றால் அதைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும், றிப்திக்கு வராது. போன மாதம்தான் பட்டன் வைத்திருந்தார்கள்.

"போடாதீங்க! எண்ணெய் இல்ல!" என்று முஹம்மது தம்பி கத்தினார்.

"காலையிலதானே ஊத்தினீங்க!" செருப்புச் சத்தம் தாண்டிப் போனது.

முப்பது அடி தூரம்தான். ஜெனரேட்டர் அறைக் கதவின் கிறீச்சென்ற சத்தம் கேட்டது. ஹாஜியார் ஏன் கத்துகிறாய் என்பதுபோல அவரையே பார்த்தார். சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டும்.

"கையை எடு மகள்! எடு! அந்த வயருக்குச் சின்னதால கரண்ட் வருது!"

ஜெயரூபி கையை இழுத்த வேகத்தில் ஸ்குரூடிரைவர் நிலத்தில் விழுந்து உருண்டது. அது உருண்டு நிற்க முன்னமே முற்றத்துக்கு அப்பால் சின்னது இருமிவிட்டு இரையத் தொடங்கியது.

அவள் டெஸ்டரை எடுத்து வயரில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கீச்சுக் கீச்சென்று கத்தியது.

"உங்களட்ட கேட்டனான் நானா," என்றாள்.

"ஓம்."

"கேட்டனான்."

அவர் டோர்ச்சைப் பெட்டியின்மேல் வைத்தார்.

ஹாஜியார் எழும்பிப் போய் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். முஹம்மது தம்பி காட்டிய மழைக்கோட்டை அவரே விலக்கிப் பார்த்தார். ஜெயரூபி கைப்பிடியை மேலே தள்ளி, சின்னதிலிருந்து வந்த வயரை அடியோடு கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டு தரம் சோதித்தாள். வளையத்தைப் பூட்டி முடிக்க இன்னும் ஒரு மணித்தியாலம் எடுத்தது. டோர்ச்சை றிப்தி பிடித்தான்.

பன்னிரண்டேகாலுக்குக் கரண்ட் வந்தது. ஜெயரூபி தன் பூட்டைக் கழற்றினாள். பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு செக்கனில் கொம்பிரசரும் நின்றது.

முஹம்மது தம்பி ஜெனரேட்டர் அறையில் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் வாசலில் நின்று கையை நீட்டினார். அதில் அவர் அறைச் சாவியை வைத்தார்.

"பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்ல. அதால பொலிசுக்குப் போகாம விடுறன்."

"பெரிசிட பெல்ட் தேஞ்சிருக்கு ஹாஜியார். இந்தக் கிழமைக்குள்ள மாத்தாட்டி…"

"போ தம்பி."

மழைக்கோட்டை மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பின்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சாவி இரண்டு தரம் சுற்றியது.