சிபானாவின் நெகடிவ்

சவூதியில் இருந்து சாலிஹ் அனுப்பிய கசட்டில் உம்மா, வாப்பா, ஆடு, மாடு என்று ஊர் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்லியிருந்தான்.

"சிபானா, உன்ட முகம் எனக்குச் சரியா வருகுதில்ல புள்ள. கண்ண மூடினா குரல் மட்டும்தான் வருகுது. கெமரா ஒண்டு அனுப்பியிரிக்கன். முடிய அவிழ்த்துட்டு, நான் பாத்த மாதிரி, ஒரு படம் எடுத்து அனுப்பு."

கட்டின புருசனுக்கு முகம் மறந்துபோய்விட்டதாம். சிபானா டேப்பை நிறுத்திவிட்டு அழுதாள். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. அவனையும் எப்படிக் குற்றம் சொல்வது? கலியாணத்தில் படம் எடுக்க அவளுடைய வாப்பா விடவில்லை. அடையாள அட்டைப் படமோ பள்ளிக்கூடக் காலத்தது, அதிலும் மை பரவி மூக்கே இல்லை.

கெமரா அனுப்பிய மனுசன் கொஞ்சம் யோசித்திருக்கக்கூடாதா? படத்தை எடுத்துவிடலாம், கழுவுவது யார்? கல்முனையில் இருந்த ஸ்டுடியோக்காரர் எல்லாரும் ஆண்கள். முக்காடில்லாத தன் முகம் அந்நிய ஆணின் கையில் ஈரத்தோடு தொங்குவதை நினைக்கவே சிபானாவுக்கு மேல் கூசியது.

அப்போதுதான் கஜனியின் நினைவு வந்தது. கூடப் படித்தவள், பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புக்காரி. தமையனின் ஸ்டுடியோவில் இருட்டறை வேலை முழுக்க அவள்தான். தமிழர், முஸ்லிம் என்று ஊர் குழம்பினால் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போகாத காலம் அது. இருந்தும் சொல்லியனுப்பியதும் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"கொண்டா, நான் கழுவித் தாறன்," என்றாள் கஜனி.

"உன்ட கடைக்குள்ள உன்ட அண்ணன் வருவாரே?"

"ஓம், வருவார்தான்."

"அப்ப எனக்குப் பழக்கித் தா. நானே கழுவுறன்."

கஜனி சிரித்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

நெல் மூடை அடுக்கியிருந்த அறையின் ஜன்னலைச் சாக்கால் மறைத்து, கதவிடுக்கில் சீலை திணித்து, பாடம் தொடங்கியது. படச்சுருளை வெளிச்சம் துளியும் படாமல் கம்பி வளையத்தில் ஏற்ற வேண்டும். கழிவுச் சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு சிபானா கண்ணை மூடிப் பழகினாள். அது வழுக்கும், மடியும், ஒன்றோடொன்று ஒட்டும்.

"அவசரப்படாத. விளிம்ப மட்டும் பிடி. விரல் சொல்லும்," என்பாள் கஜனி.

"என்ட விரல் ஊமை போல."

வெளியே உம்மா சுபைறா சத்தம் போடுவாள். "ரெண்டு பேரும் நெல்லறைக்குள்ள என்னடி செய்றீங்க? எலி புடிக்கிறீங்களா?"

முதல் சுருள் நாசமாய்ப் போனது. எடுத்து முடித்த சந்தோசத்தில், தன் முகம் உள்ளே விழுந்திருக்கிறதா என்று பார்க்க, நடு முற்றத்தில் வைத்துக் கெமராவின் முதுகைத் திறந்துவிட்டாள் சிபானா. கழுவியபோது சுருள் முழுக்கக் கறுப்பு.

"அடிப் பாவி, சோத்துப் பானையா, மூடியத் திறந்து பாக்க?" என்று கஜனி தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை சிபானா எல்லாவற்றையும் தானே செய்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு, தான் இருக்கப்போகும் இடத்தில் தலையணையை வைத்துக் குறி பார்த்தாள். தானாக விழும் விசையை இழுத்துவிட்டு, தலையணையை எறிந்துவிட்டு, ஓடிவந்து உட்கார்ந்தாள். கெமரா கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பதா, சும்மா இருப்பதா? எதிரே அவன் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். உடனே ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் விசை விழுந்தது.

இருட்டில் சுருளைத் தடவித் தடவி வளையத்தில் ஏற்றினாள். டெவலப்பரை ஊற்றி, ஆட்டி, கொட்டி, படம் நிலைக்க ஹைப்போக் கரைசலில் போட்டு, கடைசியில் வெளியே எடுத்து, உடுப்புக் கொளுவியால் கொடியில் மாட்டினாள். கறுத்த முகம், வெளுத்த முடி, வெள்ளையாய் எரிகிற கருமணி.

"யா அல்லாஹ், இது ஆருடி?"

"நீதான். இதத் தாளில அடிச்சாத்தான் சரியான முகம் வரும்."

சிபானா கொடியில் ஆடிய சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சவூதியில் சாலிஹ் இருக்கிற அறையில் ஒரு கூட்டமே இருந்தது. ஒருவனுக்கு வந்த கடிதம் எல்லாருக்கும் வந்த கடிதம் என்று அவனே கசட்டில் சொல்லியிருக்கிறான். தாளில் அடித்த படம் என்றால் எத்தனை கண் படும்?

"இதையே அனுப்பப் போறன். ஆரு பாத்தாலும் நான் எண்டு விளங்காது. அவருக்கு விளங்கும்."

"உனக்கென்ன விசரா? நெகடிவ் போனா எல்லாம் போச்சு. வேற ஒண்டும் உருப்படியா விழயில்ல."

"போகட்டும்."

சவூதிக்குத் திரும்பிப் போக இருந்த அயல்வீட்டு ஸலாஹுதீனிடம், அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி, இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். அவனுக்கு விளங்காவிட்டால்? யாரோ ஒருத்தி என்று தூக்கிப் போட்டுவிட்டால்?

நோன்புக்கு முந்திய கிழமை கசட் வந்தது. இந்த முறை ஊர் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"புள்ள, ரூமுக்குள்ள ஆக்கள். பாத்ரூமுக்குள்ள போய்த்தான் பிரிச்சன். பல்புக்கு நேர பிடிச்சா முடியெல்லாம் வெள்ள. நெஞ்சு திடுக்கிட்டுப் போச்சு. நான் இஞ்ச இரிக்கக்குள்ளயே இவள் கிழவியாகிட்டாளே எண்டு நினைச்சிட்டன். பிறகுதான் நெகடிவ் எண்டு விளங்கிச்சு. விளங்கியும் அழுகை நிக்கல்ல. அந்த மூக்கு, அந்த நாடி, எல்லாம் நீதான். முகம் வந்திட்டு புள்ள." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் ஓடியது. "கபீல் முதலாளி இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றான். வீட்டுக்கும் இன்னும் ஓடு போடல்ல. நான் அவனுக்கு ஒண்டும் சொல்லல்ல. நீ சொல்லு."

உம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஓட்டுக்கு என்ன சொன்னார் மருமகன்?"

சிபானா டேப்பை நிறுத்தினாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்காட்டை எடுத்தாள். முடியை அவிழ்த்து, கண்ணாடியில் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு வெறும் கசட் ஒன்றைப் போட்டு, பதியும் பொத்தானை அமத்தினாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. 

"இன்னும் ஒரு முடியும் வெளுக்கல்ல மச்சான்," என்றாள். "வெளுக்க முந்தி வாங்க."